பூனைக்குப் பதினெட்டு நகம்

முதல் நகத்தை வாசல் கூட்டும்போதுதான் கண்டெடுத்தேன். கதவு நிலையின் அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. வளைந்து, நுனி கூராக, ரோஜா முள்ளைப் போல இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூனை நகம்.

வேறு யாராவது என்றால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினாலும் என் விரலால் நானே ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பேன். டவுனை ஒட்டிய மஹய்யாவில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு இருபது வருடமாகச் சாரி ஜாக்கெட் தைக்கிறேன். "போன தடவை அளவுதான் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வரும் எந்தப் பெண்ணையும் நான் நம்பியதில்லை. டேப்பை எடுத்துச் சுற்றி அளந்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பேன். இந்தப் புத்தி என்னைக் காப்பாற்றுகிறது என்று அதுவரை பெருமையாகத்தான் இருந்தேன்.

வாசல் நிலையடியில் பூனை நகம் கிடந்தால் நாங்கள் வளர்ந்த வளர்ப்பில் அதற்கு ஒரே அர்த்தம். செய்வினை. முடி, நகம், எலும்புத் துண்டு என்று எதையாவது வாசற்படியிலோ, படுக்கிற இடத்திலோ, தொழில் செய்கிற இடத்திலோ போட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் வீடு உருப்படாது. இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஃபோனில் உலகமே தெரிகிற காலத்திலும் அந்தப் பயம் போவதில்லை.

வீட்டில் ஒரு பூனை இருக்கத்தான் செய்தது. அது என் கணவருடைய அக்காவின் பூனை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முழங்கால் வலியோடு தனியாக இருக்க முடியாமல், தோட்டத்தில் கொடுத்திருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவை விட்டுக்கொடுத்துவிட்டு எங்களோடு இருக்க வந்துவிட்டார். குட்ஷெட் பஸ் ஸ்டேண்டில் அவர் இறங்கியபோது கையில் ஒரு துணிப்பை, முதுகில் பழைய கொழுந்துக் கூடை. கூடையின் வாயைச் சேலைத் துண்டால் கட்டியிருந்தார். உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பூனையொன்று பஸ் ஸ்டேண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பூனையை எனக்குப் பிடிக்காது என்றில்லை, நம்பிக்கை இல்லை. நடக்கும்போது நகத்தை உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு, காலடிச் சத்தமே இல்லாமல் வரும். வேண்டும்போது மட்டும் வெளியே எடுக்கும். ஆயுதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு மடியில் வந்து படுக்கிற பிராணியை எப்படி நம்புவது?

அண்ணி அந்தக் கூடையைப் பின்கதவருகே நிறுத்தி வைத்தார். காலையில் தூங்கி எழுந்ததும் பூனை நேரே அங்கேதான் போகும். பின்கால்களில் எழுந்து நின்று, முன்கால்களை எட்டும் மட்டும் உயர்த்தி, முதுகை நீட்டி முறித்து, கூடையை மேலிருந்து கீழாகப் பிராண்டும். பர்க், பர்க் என்று அந்தச் சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மூங்கில் சிம்பு சிம்பாகப் பிய்ந்து தரையெல்லாம் கிடக்கும். ஒருநாள் தூக்கிப் பார்த்தேன், அடியில் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட் தைக்க நாலு பேர் வந்து போகிற வீடு. அண்ணி கோவிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் மாநகர சபை குப்பை லொறி தெருமுனையில் மணியடித்தது. கூடையைக் கொண்டுபோய் அதில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் அண்ணி கேட்டார். "என் கூடையப் பார்த்தியாம்மா?"

"தெரியலையே அண்ணி. எந்தக் கூடை?" என்றேன்.

எந்தக் கூடையாம்! வீட்டில் ஒரே ஒரு கூடைதான் இருந்தது. அண்ணி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அந்தச் "சரிம்மா" எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பொம்பளை இதை இப்படியே விடமாட்டார், ஏதோ மனதில் வைத்திருக்கிறார் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் நகம் கிடைத்தது.

இரண்டாவது நகம் தையல் மெஷினின் காலடியில். மூன்றாவது எங்கள் கட்டில் காலருகே. வாசல், தொழில், படுக்கை. செய்வினைக்காரர்கள் தேடுகிற மூன்று இடமும் சொல்லி வைத்தாற்போல. அந்த வாரமே மெஷின் ஊசி இரண்டு தடவை உடைந்தது. ஒரு பட்டு ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வெட்டித் தொலைத்தேன். தோள்பட்டையில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. கிடைத்த நகங்களை வெறும் கையால் தொடாமல் துணியால் எடுத்து, பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு மூடி வைத்தேன். ஒரு மாதத்தில் ஏழு சேர்ந்துவிட்டது.

கணவரிடம் காட்டினேன். அவர் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். எதற்கும் பதற்றப்படாத மனுஷன். அதுவே எனக்குப் பாதி கோபத்தைக் கொடுக்கும்.

"பூனை இருக்கிற வீடு. நகம் விழுந்திருக்கும்" என்றார்.

"விழுந்தா பூனைக்கு நகம் குறையணுமில்ல?"

"போய் எண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

விளையாட்டுக்குச் சொன்னார். நான் எண்ணினேன். அண்ணி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பூனையைப் பெரிய துவாயில் சுருட்டி, ஒவ்வொரு காலாக வெளியே இழுத்து, விரலை மேலும் கீழுமாக மெல்ல அமுக்கினேன். அமுக்க அமுக்க உறைக்குள்ளிருந்து நகம் நீண்டு வெளியே வந்தது. முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு. ஆக மொத்தம் பதினெட்டு. பதினெட்டும் இருந்தது! ஒன்றில்கூட உடைசல் இல்லை, இரத்தம் இல்லை. எல்லாம் பளபளவென்று புதுசாக இருந்தது. கடைசி நகத்தை எண்ணும்போது என் மணிக்கட்டில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டு ஓடிப்போனது.

எரிச்சலைவிட எனக்குப் பயம்தான் கூடியது. இந்தப் பூனையின் நகம் முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் தகரத்திலுள்ள ஏழும் வேறு பூனையுடையது. தானாக எந்த நகம் கழன்று விழும்? செத்த பூனையிடமிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே வெறும் கூடாக, காய்ந்து போய் இருந்ததே, அதுவும் பொருந்தியது. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

ஆனாலும் கிடைத்தது. ஒருநாள் விடிந்தும் விடியாத வேளையில் அண்ணி வாசல் நிலையடியில் குந்தியிருந்தார். விரலால் எதையோ தொட்டுத் தொட்டு மரத்தில் தேய்த்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார். என் காலடி கேட்டதும் தரையிலிருந்து எதையோ பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லம்மா. தூசு."

அவர் போனதும் குனிந்து பார்த்தேன். நிலை மரத்தில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. எண்ணெய் வாசம். மை! அன்று மத்தியானமே தேசிக்காய் வெட்டிச் செய்வினைக்குக் கழிப்புக் கழிக்கிற ஒரு ஐயாவிடம் போனேன். தகரத்தைத் திறந்து பார்த்தார். கண்ணை மூடினார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அவங்கதான்" என்றார். நான் கையோடு கொண்டுபோன பெயரைத்தான் அவர் எனக்குத் திருப்பித் தந்தார் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. எதையும் அளந்து பார்த்து வாங்குகிற நான் அதை மட்டும் அளக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். "ஒண்ணு உங்க அக்கா இந்த வீட்டில இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அவர் டிவியை நிறுத்தினார். பிறகு எழுந்து அக்காவின் அறைக்குப் போனார். என்ன சொன்னாரோ தெரியாது. காரணம் சொல்லியிருக்கமாட்டார், அவருக்கு அது வெட்கம்.

அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாவலப்பிட்டியில் யாருக்கோ ஃபோன் பண்ணிப் பேசுவது கேட்டது. ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்களாம். படுக்கச் சமையலறைக்குப் பக்கத்தில் இடம் தருவார்களாம். அறுபத்து மூன்று வயதில், மாடிப்படி ஏற முடியாத முழங்காலோடு, ஊரார் வீட்டு அடுப்படி. திரும்பிப் போக லயத்துக் காம்பராவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி புறப்பட்டார். துணிப்பை ஒரு கையில். மற்றக் கையில் வாய் கட்டிய கோதுமை மாப் பை. அதற்குள் பூனை துள்ளிக்கொண்டிருந்தது. "வர்றேம்மா" என்றார். நான் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி அண்ணி" என்றேன்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்காது, பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வாடிக்கைக்காரம்மா வந்தார். அங்கே பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீட்டம்மா. அவர்கள் பேச்சில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அபாயா ஒன்றுக்குப் பொத்தான் மாற்ற வேண்டும் என்றார். நான் அளவு டேப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பொத்தான் தகரம் என்று நினைத்து நகங்கள் இருந்த தகரத்தைத் திறந்துவிட்டார்.

"ஐயோ தாத்தா, அதத் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். "ஏன் புள்ள, இந்தக் கோதெல்லாம் சேத்து வெச்சீக்கீங்க?"

"என்ன கோது?"

"பூனைட நகக் கோது. எங்கட ஊட்டுல மூணு பூன ஈக்கி. கூட்டக் கூட்ட இதுதான்."

பதினெட்டும் எண்ணினேனே, ஒன்றும் குறையவில்லையே என்றேன்.

தாத்தா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "குறையாது புள்ள! பென்சில் சீவுற மாதிரித்தான். பழசாப் போன மேல்கோது கழண்டு விழும், உள்ளுக்குப் புது நகம் கூரா ஈக்கும். அதக் கழட்டத்தான் அது பிராண்டுற."

"அப்ப ஏன் தாத்தா வாசல்ல? கட்டில் காலடியில? என் மெஷின் காலடியில?"

"மனுசர் பொழங்குற எடத்துலதானே பிராண்டும். பாதத்துல ஒரு வாசம் ஈக்கி அதுக்கு. இது என்ட ஊடு, என்ட ஆக்கள் எண்டு அந்த வாசத்த வெக்கிற. தூங்கி எழும்பினா ஒடம்ப முறிக்கவும் வேணும். அதுக்கு ஏசிப் பிரயோசனமில்ல."

மணிக்கட்டுக் கீறலைக் காட்டி, நகத்தையே பிடுங்கிவிட்டால் என்ன என்று ஒரு தடவை நினைத்தேன் என்று சொன்னேன். தாத்தாவின் முகம் மாறிவிட்டது. "பாவம் புள்ள! அது சும்மா நகமா? விரல் நுனி எலும்போட சேந்தது. ஒங்கட விரல மொதல் மூட்டோட வெட்டினா எப்பிடி ஈக்கும்? நுனிய மட்டும் வெட்டலாம், உள்ளுக்கு ரோஸ் கலர்ல ரத்த நரம்பு ஈக்கி, அதுல படாம." பிறகு வாசல் பக்கம் எழுந்து போய் நிலையைத் தடவிப் பார்த்தார். "இதுலதான் பிராண்டீக்கி, பாருங்க. யாரோ சாயத்தையும் எண்ணையையும் போட்டு மறச்சீக்காங்க. முந்தி எதுல பிராண்டுச்சி இது?"

தேய்த்திருந்த கறுப்பை விரலில் எடுத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயும் தேயிலைச் சாயமும். கடவுளே, மை என்று நினைத்தேனே! கூடையை எடுத்து எறிந்தது நான். பொய் சொன்னது நான். அதனால் பூனைக்குப் பிராண்ட இடமில்லாமல் போனது. அந்தக் கிழவி என் கதவைக் காப்பாற்றக் குந்தியிருந்து சாயம் பூசியிருக்கிறார். நான் அவரைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

தாத்தாவையும் அபாயாவையும் அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். கண்ணில் பட்ட முதல் த்ரீவீலில் ஏறி "குட்ஷெட்!" என்றேன். கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலிருந்து வந்த பஸ்களெல்லாம் அன்றைக்கென்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவரை ஏசிக்கொண்டே போனேன். அந்தாள் என்ன செய்வார் பாவம்.

நாவலப்பிட்டி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அண்ணி நடுவில் ஜன்னலோரம் இருந்தார். மடியில் மாப் பை. பையைப் பிய்த்துக்கொண்டு நகங்கள் வெளியே நீட்டியிருந்தன. அண்ணியின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கீறல். சிலதில் இரத்தம் கசிந்திருந்தது. கூடை இருந்திருந்தால் ஒரு கீறல் விழுந்திருக்காது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணி, கூடைய நான்தான் குப்பை லொறியில போட்டேன்" என்றேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா" என்றார்.

"எப்படி?"

"கோயில்ல இருந்து வர்றேன், லொறி என்னத் தாண்டிப் போகுது. மேல என் கூடை கெடக்கு."

"அப்புறம் ஏன் அண்ணி என்கிட்ட வந்து கேட்டீங்க?"

"நீ சொல்லுவியான்னு பார்த்தேன்."

அதைவிட அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு நகக் கோது. "நீ பார்த்தா பூனைய வெரட்டிருவியோன்னுதான் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். கதவுல கோடு தெரியாம எண்ணையப் பூசினேன். அதையும் ஏசிக்கிட்டேதான் பூசினேன், இந்தச் சனியன் கேக்கல. கண்ணு சரியாத் தெரியாதா, அப்படியும் நாலஞ்சு விட்டுப்போச்சு போல."

ஏழு விட்டுப்போயிருந்தது. அந்த ஏழு கோதை வைத்து நான் என்னென்ன நினைத்தேன் என்பதையும் அங்கேயே சொன்னேன். செய்வினை என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "என் தம்பி வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இறங்குங்க அண்ணி, வீட்டுக்குப் போவோம்."

அவர் அசையவில்லை. கொண்டக்டர் படியிலிருந்து, இறங்குகிறீர்களா இல்லையா என்று சிங்களத்தில் கத்தினார். நான் வேறு வழி தெரியாமல் மாப் பையைப் பிடித்து இழுத்தேன். பூனையின் நகங்கள் அண்ணியின் சேலையில் கொக்கியாக மாட்டியிருந்தன. நான் இழுக்க, பையோடு சேலையும் வந்தது. சேலையோடு அண்ணியும் எழும்ப வேண்டியதாயிற்று.

"இழுக்காத! இழுத்தா விடாது, இன்னும் ஆழமாக் கொளுவும். முன்னால தள்ளினாத்தான் கழரும்" என்று அண்ணி கத்தினார்.

"எனக்குக் கழற்ற வேணாம்" என்றேன்.

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். கொண்டக்டர் துணிப்பையைத் தூக்கிக் கீழே வைத்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் கொளுவிக்கொண்டபடியே இறங்கினோம்.

அன்றே தாத்தாவுக்கு ஃபோன் பண்ணி வழி கேட்டேன்; அவர் சொன்னபடி என் கணவர் கடையிலிருந்து கயிறு கொண்டுவந்தார். இடுப்பளவு கட்டையொன்றில் நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் பலகையில் அறைந்து, பூனை பிராண்டிய அதே வாசல் நிலையருகே நிறுத்தினோம். இரண்டு நாள் அது திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை அதில் எழுந்து நின்று முதுகை நீட்டியது. பர்க், பர்க்.

அண்ணி பழையபடி சமைத்தார், என்னோடு பேசினார், ஜாக்கெட்டுக்குக் கொக்கியும் தைத்துத் தந்தார். ஒன்று மட்டும் செய்யவில்லை. எந்தப் பொருளையும் என்னிடம் எங்கே என்று கேட்கவில்லை. மருந்து, சீப்பு, செருப்பு எது காணாமல் போனாலும் அந்த முழங்காலோடு குனிந்து நிமிர்ந்து தானே தேடுவார். நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மாதக்கணக்காக அப்படியே போனது. ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் காலையில் நான் கதிரையை இழுத்துப் போட்டேன், கீழே கிடந்த அண்ணியின் மூக்குக் கண்ணாடி அதன் காலுக்கடியில் மாட்டிக்கொண்டது. கண்ணாடியின் ஒரு கை முறிந்துவிட்டது. அவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் டவுனுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்துவிடலாம் என்று அவசரமாகப் பொத்தான் தகரத்துக்குள் போட்டு மூடினேன்.

மத்தியானம் அண்ணி என் மெஷினருகே வந்து நின்றார். "என் கண்ணாடியப் பார்த்தியாம்மா?"

மெஷின் சக்கரத்தில் என் கை நின்றுவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கிறார்! "இல்லையே" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பழக்கதோஷம். அதை விழுங்கினேன்.

"நான்தான் அண்ணி உடைச்சிட்டேன். தகரத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்."

"தெரியும். கொக்கி எடுக்கத் தெறந்தப்போ பார்த்தேன்" என்றார்.

பிறகு பக்கத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்து, கையை நீட்டினார். "கறுப்பு நூல் எங்கம்மா வச்சிருக்க? எடு, கட்டிப் பார்ப்போம்."